நின்றால் சாகும், படுத்தால் பிழைக்கும்

கொப் என்பவளுக்கு ஒரு பழக்கம். ரிப்பேருக்கு ஹார்ட் டிஸ்க் வந்தால் உடனே வயரை மாட்ட மாட்டாள். அது வீட்டில் எங்கே இருக்கும், யார் துடைப்பார்கள் என்று குடும்ப விசாரணையில் இறங்கிவிடுவாள். டிஸ்க் செய்யும் ஆலையில் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வேலை பார்த்தவள் அவள். அங்கே பேசாமல் விட்டதையெல்லாம் இப்போது தாய்லாந்தின் கோராட் சந்தைக் கடையில் பேசித் தீர்க்கிறாள் என்பது என் கட்சி. பக்கத்துக் கடையில் நான் பப்பாளி சாலட் இடித்து விற்கிறேன். அவள் மேசையில் டிஸ்க் ஓடினால் என் உலக்கை ஓயவேண்டும். அதிர்வு ஆகாதாம். என் வியாபாரம் நாசமாய்ப் போகலாம், அது ஆகும்!

போன மழைக்காலத்தில் ப்ரயூன் என்ற பெரியவர் மனைவி பூன்மாவோடு வந்தார். ஊரைக் காத்த வீராங்கனை யா மோவின் சிலைக்கு முன்னால், நேர்த்திக்கடன் தீர்க்க வருகிறவர்களுக்காகக் கோராட் பாட்டுப் பாடியவள் பூன்மா. தொண்டையில் ஆபரேஷன் ஆனதும் குரல் போய்விட்டது. பாடியதெல்லாம் அவர் கையிலிருந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

"வீட்டுல டிக் டிக்னு அடிச்சுட்டு நின்னுபோகுதும்மா."

கொப் மேசையில் கிடத்தி மாட்டினாள். சமர்த்தாக ஓடியது. பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. உடனே பிரதி எடுக்கத் தொடங்கினாள்.

"இங்க மட்டும் எப்படி நல்லா ஓடுது? வீட்டுல எங்க வெச்சிருக்கீங்க, பெரியப்பா?"

"புத்தர் பக்கத்துல. இப்படித்தான் நிக்கும்." சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கி நிமிர்த்திவிட்டார்.

"ஐயோ, ஓடுறப்போ தொடாதீங்க!"

டிக். டிக். திரை உறைந்தது. என் கடையோரம் நின்ற பூன்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

கொப் மின்சாரத்தை நிறுத்தினாள். திட்டுவாள் என்று பார்த்தால், அவள் கண் பளபளத்தது.

"நின்னா சாகுது, படுத்தா பொழைக்குது. ஏன்? முதல்லேருந்து நிக்கவெச்சுத்தான் வெச்சிருக்கீங்களா?"

"அவ குரல் இருக்கிற பெட்டி. அதைப் படுக்கப்போடுறதாம்மா? மரியாதையில்ல."

கொப் வெளிக்கூட்டைத் திறந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, உலக்கையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். டிஸ்க்கின் அடியில் இருந்த பச்சை மின்சுற்றுப் பலகைக்குப் பக்கத்தில் ஏதோ மின்னியது. தங்க ரேக்கு! பெட்டியின் காற்றுத் துளைகள் மேலெல்லாம் ஒட்டியிருந்தார்கள். உதிர்ந்த துண்டு ஒன்று உள்ளே போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை நிமிர்த்தினால் அது சாய்ந்து பலகையைத் தொடும். தங்கத்தில் மின்சாரம் பாயாதா என்ன?

"யாரு ஒட்டினது?"

பூன்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"புத்த நாள்ல எல்லாரும் சத்தமா ஓதுவாங்க. இவளால முடியல. அதான் புத்தருக்கு ஒட்டுற மாதிரி இந்தப் பெட்டிக்கும் ரேக்கு ஒட்டுவா. பெட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் இன்னும் ஜாஸ்தியா ஒட்டினா" என்றார் ப்ரயூன்.

யாரும் சிரிக்கவில்லை.

கொப் இடுக்கியால் துண்டை எடுத்து, பலகையைத் துடைத்து, மறுபடி மாட்டினாள். சுழலும் சத்தம் கேட்டது. டிக் இல்லை. எல்லாப் பாட்டும் வேறு டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் வரை ப்ரயூன் நாற்காலியில் உட்காரவே இல்லை. பிறகு கொப் ஒரு பாட்டைப் போட்டாள்.

அப்பா, என்ன குரல்! மீன் கடைக்காரி கத்தியைக் கீழே வைத்தாள். ப்ரயூன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூன்மா மட்டும் புருவத்தைச் சுருக்கிக் கேட்டாள். பாட்டு பாதியில் இருக்கும்போதே கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். திரையில் அந்தப் பாட்டைக் காட்டி, காற்றில் ஒரு கோடு கிழித்தாள்.

"அழிக்கச் சொல்றியா? பைத்தியமா உனக்கு!" என்று ப்ரயூன் அலறினார்.

பூன்மா தாடையில் கைவைத்து, சுருதி தப்பிய இடத்தில் தன் முகம் எப்படிக் கோணியது என்று செய்து காட்டினாள். பிறகு மறுபடி அதே கோடு.

"கொப், வேணாம்மா. எனக்கு அது போதும்மா, தப்பா இருந்தாலும்" என்று அவர் கெஞ்சினார்.

கொப் அவரைப் பார்த்தாள், பூன்மாவைப் பார்த்தாள்.

"பாடினது அவங்க, பெரியப்பா" என்று சொல்லி, இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அழித்தாள்.

பூன்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த பாட்டைப் போடச் சொல்லி விரலைச் சொடுக்கினாள்.