பத்து வரை எண்ணும் டிரைவரக்கா

எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் பஸ் டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிரைவரக்கா அதற்கு நேர்மாறு. எட்டு வருஷம் அவள் டவுன் பஸ் ஓட்ட, நான் டிக்கெட் கிழித்தேன். ஒரு ஆசையை மட்டும் அடிக்கடி சொல்வாள்: “ஒரு தடவையாவது வெளியூர் வண்டி ஓட்டணும்டி. டாப் கியர்ல போட்டு நிம்மதியா போகணும்.”

அது தேடி வந்தது. மூன்று மாதத்தில் புது வெளியூர் வண்டி கிளம்பும், ஓட்டச் சம்மதமா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடு என்றார் மேனேஜர். அக்கா ‘வேண்டாம்’ என்று எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்.

தலைக்கனம் என்றுதான் நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தால் தொட மாட்டாள். காலையில் அவள் நிரப்பும் தண்ணீர் பாட்டில், சாயங்காலம் பஸ் கண்ணாடி கழுவத்தான் உதவும். டிரிப் முடிந்து நான் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே ஓடிவிடுவாள். நம்மோடு ஒட்டாத ஆள் என்று டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

புதன்கிழமை பெட்ரோல் பங்க் எதிரே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். அக்கா எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, குதித்து ஓடினாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். திட்டு முழுக்க எனக்கு.

டிப்போவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “வண்டிய அம்போன்னு விட்டுட்டு எங்கக்கா போன?”

“அடக்க முடியலடி.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ரெண்டு வருஷமா இப்படித்தான். வந்துட்டா ஒரு நிமிஷம் தாங்காது. தும்மினா கொஞ்சம் போயிடுது. இந்த ரூட்ல எங்கெங்க பாத்ரூம் இருக்குன்னு எனக்கு அத்துப்படி. அந்த ரூட்ல மூணு மணி நேரம், நான் என்ன பண்ணுவேன்?”

என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். டிப்போவில் நான் பேசிய பேச்சையெல்லாம் நினைக்க அவமானமாக இருந்தது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். சோதனை எல்லாம் செய்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். “தண்ணி குடிக்காம இருந்தா அவசரம் இன்னும் கூடத்தான் செய்யும். நல்லா குடிங்க. ஒண்ணுக்க அடக்குற மாதிரி கீழ்த்தசைய இறுக்கி, பத்து எண்ணி விடுங்க. தினமும் செய்யுங்க, மெதுவா சரியாகும்.” வெளியே வந்ததும் அந்தக் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டேன். முனகிக்கொண்டே ‘சம்மதம்’ என்று வேறு எழுதினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சிவப்பு சிக்னலிலும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளுக்குள் எண்ணினாள். முன் சீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டார், “டிரைவரம்மா ஏதாவது வேண்டிக்கிறாங்களா?”

“ஆமா, நீங்க சரியா சில்லறை குடுக்கணும்னு.”

மூன்று மாதத்தில் தும்மலுக்குப் பயப்படுவது நின்றது. அவசரம் முழுசாகப் போகவில்லை. ஆனால் கால் மணி நேரம் காத்திருக்கும்.

வெளியூர் வண்டியின் முதல் நாள். அதிலும் கண்டக்டர் நான்தான். பாதி வழியில் ஐந்து நிமிஷ நிறுத்தம். ஆண்கள் இறங்கி அவரவர் வசதிப்படி மரத்தடிக்குப் போனார்கள். வண்டி விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பெண்கள் யாரும் அசையவில்லை. அக்கா கண்ணாடியில் அவர்களைப் பார்த்தாள். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“எனக்கு பாத்ரூம் போகணும். நான் வராம வண்டி கிளம்பாது. போகணும்னு நினைக்கிறவங்க தைரியமா இறங்குங்க.”

நர்ஸ் உடையில் ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே வரிசையாக எழுந்தார்கள். ஒரு கணவர் மனைவியைப் பார்த்து, “உனக்குமா? சொல்லவே இல்லியே,” என்றார்.

“நீங்க எப்ப கேட்டீங்க?” என்றபடி அவள் இறங்கிப் போனாள்.

இருந்தது ஒரே கக்கூஸ். வரிசையில் நானும் நின்றேன். இத்தனை வருஷம் நானும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா கடைசியில் நின்றாள்.

“நீங்க முன்னாடி போங்க டிரைவரம்மா,” என்றாள் நர்ஸ்.

“பரவால்ல, நான் எண்ணிக்கிட்டிருக்கேன்.”

“என்ன எண்ணுறீங்க?”

என் வாயில்லாப் பூச்சி அக்கா, வரிசை முழுக்கக் கேட்கும்படி அந்தப் பயிற்சியை விளக்கினாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு இன்னும் அவசரமாகிவிட்டது.

வண்டி பதினைந்து நிமிஷம் லேட். லாக் ஷீட்டில் காரணம் எழுத வேண்டும். டிராஃபிக் என்று போடச் சொன்னேன். அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதினாள்: பெண்கள் பதினோரு பேர் பாத்ரூம் போனோம், டிரைவரும் சேர்த்து.