கழுத்தோடு வெட்டிய படம்

போன வாரம் எங்கள் ஊருக்குக் கலை வந்திருந்தது. மெட்ராஸிலிருந்து, ஃபிரேம் போட்டு.

கடற்கரை ரோட்டில் ஒரு ஹாலில் புகைப்படக் கண்காட்சி. எல்லாம் கறுப்பு வெள்ளை. நானும் கறுப்பு வெள்ளைக்காரிதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பவள் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். இருட்டறையும் டெவலப்பர் வாசனையும் பழக்கம். தொழில் பாசத்தோடு போனேன்.

படங்களை மனதுக்குள் வகை பிரித்தேன். ஒன்று, முகச் சுருக்கம். இரண்டு, கிழிந்த வலை. மூன்று, கவிழ்ந்த வள்ளம். நான்கு, சோர்ந்த நாய். தூத்துக்குடியில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது!

கடைசிச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரே முகம். அட, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சலேத் அக்கா! கடலைப் பார்த்து, கண்களைச் சுருக்கி... உண்மையிலேயே நல்ல படம். சந்தோஷத்தில் கீழே இருந்த தலைப்பைப் படிக்காமலே ஓடிவந்து அவளிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மாதா கோயிலுக்கு உடுத்தும் சேலையில் வந்து நின்றாள் அக்கா. படத்தை ஆசையாகப் பார்த்தாள்.

“தங்கச்சி, கீழ என்ன எழுதியிருக்கு?”

அப்போதுதான் படித்தேன். ‘கடல் விழுங்கிய கணவன்’.

மெதுவாகத்தான் சொன்னேன். என்ன பிரயோஜனம்?

“யாரு... எம் மாப்பிள்ளையா? அவரு நித்தம் சங்குக்கு முங்குத ஆளு. மூச்சப் புடிச்சிக்கிட்டு அடியில கெடப்பாரு. இங்கன அவரச் சாவடிச்சு மாட்டியிருக்கியளே! எடுத்துப் போடும்யா!”

கலைஞர் வந்தார். தாடி, ஜிப்பா, தோளில் காமிரா. பதற்றமே இல்லை.

“இது உங்களைப் பற்றிய படம் இல்லைம்மா. மானுடத் துயரம்.”

“மொகம் என்னுதுல்லா?”

“நெற்றியில் பொட்டு இல்லை. பார்வையில் அப்படி ஒரு ஏக்கம்... வேறென்ன நினைப்பது?”

“நாங்க வேதக்காரங்க. பொட்டு வைக்க மாட்டோம். வெயிலு கண்ணக் கூசிச்சு, கஞ்சி ஆறுதேன்னு அவரு வார வழியப் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தா தாலி கெடக்கே, இது தெரியலையா?”

தெரியாதுதான். பெரிதாக்கும்போது படத்தைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். கம்போசிஷனுக்காகவாம்! ஒரு பெண்ணை விதவையாக்க எங்கள் கடல்கூட இவ்வளவு சுலபமாக முடிவெடுக்காது.

தலைப்பை மாற்றினால் படம் செத்துவிடும் என்றார் கலைஞர். யாரோ ஒருவர் சாகத்தானே வேண்டும்... அது அக்காவின் புருஷன் லூர்து அண்ணனாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலும். அக்கா அழவில்லை. விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் நிறைவு விழா. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஆஜர். கடைசிச் சுவரில், ஆளுயரப் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியில் ஒரு ஆள். தலைமுடி இன்னும் காயவில்லை. கும்பிட்டுக் கும்பிட்டு ஆட்களை வரவேற்கிறார்.

“நீங்க யாரு?” என்றார் சிறப்பு விருந்தினர்.

“நாந்தான் அண்ணாச்சி, செத்தவன். மத்தியானந்தான் கரையேறினேன்.”

கூட்டம் திரண்டது. கிழிந்த வலையையும் சோர்ந்த நாயையும் பார்க்க ஒருவருமில்லை. எல்லோரும் செத்தவரிடம் சங்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கலைஞர் அவர் காதருகே குனிந்து, “கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா? படம் மறைக்கிறது” என்றார்.

“எங்கன தள்ள? கடலுக்குள்ளயா?”

சிரிப்பு அடங்குவதற்குள் கலைஞர் தலைப்பு அட்டையைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ‘தலைப்பற்றது’ என்று புதிதாக ஓர் அட்டை தொங்கியது. படம் சாகவில்லை. நான் சரிபார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கலைஞராயிற்றே! லூர்து அண்ணனின் ஈரத்தலையைப் பார்த்ததும் கை பரபரத்தது. காமிராவைத் தூக்கினார்.

“நீங்க மட்டும்... தனியா ஜன்னல் பக்கம். கடலைப் பார்த்தமாதிரி... சிரிக்காதீங்க.”

அண்ணனோடு வந்திருந்த சலேத் அக்கா குறுக்கே வந்து லென்ஸைக் கையால் பொத்தினாள்.

“இதுக்கு என்ன பேரு வைப்பீரு? பொண்டாட்டி செத்தவன்னா?”

எக்ஸ்-ரே எடுப்பதற்கு முன்னால் நாங்கள் ஆளின் பெயரைக் கேட்போம். அதனால்தானோ என்னவோ, அதை யாரும் கலை என்பதில்லை.