இருமலுக்கு லூமுட் காற்று

ஏழு வயதில் எனக்கு ஓர் இருமல் வந்தது. வந்ததாக அம்மாதான் சொன்னார். எனக்குத் தெரிந்து நான் ஒருமுறைகூட இருமவில்லை.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட்டில் வரிசை வீட்டில் இருந்தோம். லாரி விபத்தில் கணவரை இழந்தபின், அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு வந்து தங்கியிருந்தார். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது, விருந்து கிடையாது, ஊர் சுற்றுவது அறவே கிடையாது. அத்தை அதற்கும் மேலே போய்ப் பேச்சையே நிறுத்தியிருந்தார். தட்டில் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. இப்படியே போனால் இவளும் நமக்கு மிஞ்சமாட்டாள் என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் அழுததை நான் கேட்டிருக்கிறேன். அதற்கும் என் இருமலுக்கும் முடிச்சுப் போடத் தெரியாத வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா புளிச்சோறு கட்டினார்.

"பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. கடல் காத்து பட்டாத்தான் போகுமாம். நீ பக்கத்துல இருந்தாத்தான் அவ அடங்கி உக்காருவா," என்று அத்தையிடம் சொன்னார். எனக்காக என்றதும் அத்தை மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார். வாசலில் எதிர்வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார்.

"துக்க வீட்டுக்காரங்க எங்கலா கெளம்பிட்டீங்க?"

"லூமுட்டுக்கு. இவளுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது," என்றார் அம்மா.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார். இருமினேன்.

லூமுட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில், மரநிழலில் உட்கார்ந்தோம். பங்கோர் தீவுக்குப் போகும் படகு ஒன்று மெதுவாகக் கிளம்பியது. அதைப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. அப்பா ஐஸ் காச்சாங் வாங்கி வந்திருந்தார். சிவப்புச் சர்பத்தும் சோளமுமாக மூன்று கிண்ணங்கள். எனக்கு பிளாஸ்கில் கொண்டுவந்த சுடுதண்ணீர். நோயாளி அல்லவா. அப்பா கொஞ்சமும் இரக்கமில்லாமல் ரசித்துச் சாப்பிட்டார். அத்தையின் கிண்ணமோ தொடுவாரில்லாமல் உருகிக்கொண்டிருந்தது. அந்த அநியாயத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு இருமலே இல்ல அத்த. அம்மா கிள்ளுனாங்க, அதான் இருமுனேன்," என்று ஓவென்று அழுதேன்.

அப்பாவின் கரண்டி பாதியில் நின்றது. அம்மா கடலைப் பார்த்தார். தனக்காகத்தான் இந்தப் பயணம் என்று தெரிந்தால் அத்தை எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துவிடுவார், இனி வாசல்படியே தாண்டமாட்டார் என்று அம்மா பயந்திருக்க வேண்டும். அத்தை அம்மாவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்புடு. நெசமாவே இருமல் வந்தா நான் பாத்துக்கறேன்லா." அப்புறம் அம்மாவிடம், "பசிக்குது அண்ணி. அந்தப் புளிச்சோத்த எடுங்க," என்றார்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அத்தை வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். நான் ஐஸில் மும்முரமாக இருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை.

இப்போது ஈப்போவிலிருந்து நானே காரோட்டி அத்தையை லூமுட்டுக்கு அழைத்துப் போகிறேன். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகவே ஆகாது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அம்மாவை நினைத்துக்கொள்வேன். பெற்ற பெண்ணை நோயாளியாக்கி நாத்தனாரைக் காப்பாற்றியவர். அவர் வயிற்றில் பிறக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியபோது எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார்.

"இருமல் எப்படி இருக்கு?"

அம்மா வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"கொஞ்சம் தேவலாம்க்கா. இன்னும் நாலஞ்சு தடவ போய்ட்டு வரணும்போல."

எனக்குத்தான் இருமலே இல்லையே, பிறகு எதற்கு என்று கேட்கப் போனேன். இந்த முறை கிள்ளியது அத்தை. நன்றாகவே இருமினேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்காமல், அம்மா ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனார் என்பதுதான் அன்று எனக்குப் புரியவில்லை.