சம்பந்தி கொண்டுவந்த லாவெண்டர்

காகிதப் பட்டையை எண்ணெயில் நனைத்து, வலது நாசியால் ஒரு தரம், இடது நாசியால் ஒரு தரம் முகர்ந்துவிட்டு, அறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுகிறாள் மோப்பக்காரி. புதிதாக வருகிறவர்களுக்கு ஏதோ எலிக்குடும்பம் துணி துவைத்துக் காயப்போட்டிருப்பதாகத் தோன்றும். மாலையில் மறுபடி முகர்வாள். "வந்தவுடனே எல்லாரும் நல்லவங்கதான். நாலு மணி நேரம் உக்காரட்டும், குணம் தெரியும்."

வாசனை எண்ணெய்களுக்குச் சான்று தரும் கூடத்தில் இருபத்தாறு வருடமாகத் தலைமைப் பரிசோதகர். பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியதுதான். "போலீஸ் நாய்க்கும் இதே பேருதான். அதுக்கு மெடல் குத்துறாங்க" என்றாள். அவள் தும்மினால் மூன்று தெரு தள்ளிக் கலப்படக்காரன் கடையை அடைப்பானாம். இரண்டு தெரு என்றால் நம்பலாம்.

கூறுகளைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்துக்கு அவள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. என்ன இருக்கிறது, எத்தனை பங்கு என்று எழுதித் தரும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாயே திறக்காது.

சென்ற வாரம் மகளின் மாமனார் தம் ஆலையில் வடித்த லாவெண்டர் எண்ணெயோடு வந்தார். நாற்பது பீப்பாய் கப்பலேறக் காத்திருந்தது. இவள் கையெழுத்துதான் பாக்கி. ஒவ்வொரு கூறும் புத்தகத்தில் உள்ள அளவுக்கு அச்சாகப் பொருந்துவதாகக் கணக்குப்பிள்ளை காட்டிற்று. அவர் முகம் மலர்ந்தது. இவள் முகம் சுருங்கியது.

"இவ்வளவு நல்ல பிள்ளை எந்தச் செடிக்கும் பொறக்காது, சம்பந்தி."

எண்ணெயை நீளக் குழாயில் ஊற்றி ஒளியைப் பாய்ச்சினாள். அசல் லாவெண்டர் ஒளியை இடப்பக்கம் நன்றாகத் திருப்பும். ரசாயனத்தில் செய்த சரக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இதுவோ, கூப்பிட்டால் அரைக்கழுத்து திருப்பும் சோம்பேறியைப் போல் லேசாகத் திருப்பிவிட்டு நின்றது. பாதிக்குப் பாதி கலப்பு.

சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு எங்க வீட்டுலதான் வாழுறா. அத மனசுல வச்சுக்கிட்டு எழுதுங்க."

பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. நாளைக் காலையில் மகள் எந்த முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு கைப்பேசியில் மகளை அழைத்து, சத்தத்தை முழுவதும் கூட்டி, மணி அடிக்க அடிக்க அதை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப எங்கிட்டச் சொன்னத அவகிட்டயே சொல்லுங்க."