தையல் மிஷின் கிடந்த இடம்

"பிள்ளை எந்தப் பிரிவும்மா?" என்று கேட்டான், கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன்.

"எந்தப் பிள்ளை?"

"நீங்க கூட்டிட்டு வந்திருக்க பிள்ளை."

"நான் கூட்டிட்டு வந்தது இவனைத்தான்" என்று பின்னால் நின்ற தம்பியைக் காட்டினேன். "இவனுக்கு அம்பது தாண்டியாச்சு. போட்டிக்கு வந்தது நான்."

பையன் எழுந்தே நின்றுவிட்டான். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அன்றைக்கு வந்ததில் தப்பே இல்லை. அரங்கத்துக்குள் போவதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஓர் அம்மா தன் மகனுடைய தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்து, "செத்த பாத்துக்கிடுங்க, இந்தா வந்துருதேன்" என்று போயே போய்விட்டாள். தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் அம்பாசமுத்திரத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான். எனக்குத் துணைக்கு என்று அன்று காலையில்தான் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கு வந்திருந்தான்.

பக்கத்துக்கு ஒரு நிறம் வரும்படி க்யூப்பைத் திருப்பிச் சேர்ப்பார்களே, அதைச் சும்மா சேர்க்கிற போட்டி இல்லை இது. கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்க்க வேண்டும். கலைத்து வைத்த க்யூப்பை முதலில் நன்றாகப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் கண்ணைக் கட்டினால் கட்டியதுதான், கடைசித் திருப்பு வரைக்கும் பார்க்கக் கூடாது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒன்று சரியாக வந்தாலும் போதும், பெயருக்கு எதிரே நேரம் ஏறிவிடும். ஒன்றுகூட வராவிட்டால் முடிக்கவில்லை என்று போட்டுவிடுவார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒன்று. பரிசையெல்லாம் அந்தப் பொடிசுகள் கொண்டுபோகட்டும்.

வீட்டில் பல தடவை சேர்த்திருக்கிறேன். ஆனால் சாட்சி யார்? என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கமாட்டார். "துணியை லேசாத் தூக்கிப் பார்த்திருப்பே" என்பார். ரயில்வேயில் அவருக்கு வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து நாக்பூரில்தான் இருந்தோம். அவர் ரிட்டயர் ஆன பிறகு பாளையங்கோட்டையில் வீடு பிடித்தோம். மகன் போட்டுவிட்டுப் போன க்யூப் அலமாரியில் கிடந்தது. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். ஒரு பொடியன் கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்ப்பதை முதன்முதலில் பார்த்தபோது, புளுகுதான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அதில் ஒரு வழி இருப்பது தெரிந்தது.

வழி இதுதான். க்யூப்பில் இருக்கிற ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஒரு பொருள். அந்தப் பொருள்களை நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டில் மனத்தால் வரிசையாக வைத்துவிட வேண்டும். கண்ணைக் கட்டிய பிறகு, அதே வீட்டுக்குள் நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கையால் க்யூப்பைத் திருப்ப வேண்டும். வீடு தெளிவாக இருந்தால் ஒன்றும் மறக்காது.

எந்த வீடு என்று நான் யோசிக்கவே இல்லை. விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் இருந்த, அப்பா வேலை பார்த்த மில்லின் லைன் வீடுதான்.

வாசலில் அப்பாவின் சைக்கிள். முதல் பொருள் அதன் கேரியரில். ஒரு நாள் வாழைத்தாராக இருக்கும், ஒரு நாள் ஆட்டுக்குட்டியாக இருக்கும், க்யூப் கலைந்திருப்பதைப் பொறுத்தது. உள்ளே நுழைந்தால் பட்டாசல், எங்கள் பக்கத்தில் கூடத்துக்கு அதுதான் பேர். சுவரில் ரேடியோ. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா காதோரம் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அதன் கீழே நின்று செய்தி கேட்பார். அடுத்தது ஜன்னல். ஜன்னலடி என் இடம். என் பாய், என் தலையணை, என் பாடப் புஸ்தகம் எல்லாம் அங்கேதான். பரீட்சைக்குப் படித்ததும் அங்கே, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று யாரிடமும் பேசாமல் சுருண்டு கிடந்ததும் அங்கே. ஜன்னலைத் தாண்டினால் அடுக்களை வாசல், அதை ஒட்டி அம்மாவின் தையல் மிஷின். லைனில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவள் அவள்தான். காலால் மிதித்துக்கொண்டே தலையை மட்டும் திருப்பி உலையைப் பார்த்துக்கொள்வாள். அப்புறம் அடுக்களை, அரிசி டின், அம்மி. கடைசியாகப் புறவாசலில் தண்ணீர்த் தொட்டி.

அந்த வீடு இப்போது இல்லை. அப்பா ரிட்டயர் ஆனதும் காலி செய்தார்கள், பிறகு அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. நாக்பூரில் இருந்தபோது அந்த வீட்டை எத்தனையோ தடவை நினைத்திருப்பேன். ஆனால் க்யூப் பழகிய பிறகுதான் தினமும் போய் வருகிறேன். சும்மா நினைப்பது வேறு, ஒரு பொருளை வைத்துவிட்டு அதை எடுக்கப் போவது வேறு. எடுக்கப் போனால் சைக்கிள் கேரியரின் துருகூடக் கையில் ஒட்டுகிறது. மில் சங்கு ஊதுகிறது. எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. இந்த வயதில் ஏன் இந்த விளையாட்டு என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பதில் அதுதான்.

இதையெல்லாம் அரங்கத்துக்கு வெளியே உட்கார்ந்து தம்பியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முறை வர நேரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அடுக்களை வாசல்லயா? இல்லக்கா" என்றான். "மிஷின் ஜன்னலடியில்லா கெடந்துச்சு."

"ஜன்னலடியில நான்லா கெடந்தேன்."

"நீ கல்யாணம் ஆகிப் போனவ. நான் அங்கனயே இருந்தவன். எனக்குத் தெரியாதாக்கும்?"

"கல்யாணத்துக்குப் பொறவு நான் வரவே இல்லையாலே? ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளையத் தூக்கிட்டு வந்தேன். மிஷின் அடுக்களை வாசல்லதான் கெடந்துச்சு. ஜன்னலடியில என் பாய் சுருட்டி வச்சபடி இருந்துச்சு. எனக்கே கதை சொல்லுதியா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நடுவராக வந்தவள் ஒரு கல்லூரிப் பெண். க்யூப்பை மூடியிருந்த மூடியை எடுத்ததும் அதைப் பார்த்து, பொருள்களை வரிசையாக வைத்தேன். மிஷின் மேல் ஒரு முறம். கறுப்புத் துணியைக் கண்ணில் இழுத்துவிட்டேன். பார்த்துவிடக் கூடாது என்று நடுவர் என் முகத்துக்கும் க்யூப்புக்கும் நடுவே ஓர் அட்டையைப் பிடித்தாள். சைக்கிள் சரி. ரேடியோ சரி. ஜன்னலடி சரி. அடுக்களை வாசலுக்குப் போனால் அங்கே மிஷினைக் காணோம். வெறும் தரை. முறம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. திரும்பி ஜன்னலடிக்கு ஓடினேன், அங்கேயும் இல்லை. எவ்வளவு நேரம்தான் அந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது? க்யூப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"பரவால்ல ஆன்ட்டி, இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்து தம்பியைப் பிடிபிடி என்று பிடித்தேன். "உன் வாயில மண்ணள்ளிப் போட. இன்னைக்குத்தான் உனக்கு வீட்டைத் திருத்தணுமாலே?" அவன் அந்தப் பாட்டில்காரப் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாவது வாய்ப்பில், எதற்கு வம்பு, அவன் சொன்னபடியே வைத்துப் பார்ப்போம் என்று மிஷினை ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அங்கே போனால் நான் படுத்துக் கிடக்கிறேன். இரட்டைச் சடை, பாவாடை தாவணி, நல்ல தூக்கம். என் மேலேயே மிஷினை எப்படி வைப்பது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எத்தனை தடவை திருப்பினேன் என்பது போய்விட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் க்யூப் கலைந்ததைவிட இன்னும் கலைந்து கிடந்தது.

இந்தத் தடவை நான் தம்பியைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. பெயருக்கு எதிரே முடிக்கவில்லை என்று வரப்போகிறது, போகட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. மிஷின் கிடந்த இடமே எனக்குத் தப்பு என்றால், ரேடியோ இருந்த சுவர் சரியா? அம்மி சரியா? கண்ணை மூடிக்கொண்டு நடக்க இந்த உலகத்தில் எனக்கு என்று இருந்தது அந்த ஒரு வீடு. அதுவும் நானாகக் கட்டிக்கொண்டதுதானா?

அதை அவனிடம் அப்படியே சொல்லிவிட்டேன். "எனக்கு வீடே போச்சுலே" என்றேன்.

தம்பி என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். "நீ சொல்லுததுதான்க்கா சரி" என்றான். "அடுக்களை வாசல்லதான் கெடந்துச்சு. எனக்குத்தான் மாறிப் போச்சு. நீ பாத்த மாதிரியே பாத்துக்க. பைய நடந்து போ, அவசரப்படாத."

அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவன். சின்ன வயதில் ஒரு முறுக்குக்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவன். ஆனாலும் அப்போது எனக்கு அந்த வார்த்தை தேவையாக இருந்தது, வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றாவது தடவை நான் அவசரப்படவில்லை. பக்கத்து மேசைப் பொடியன் சேர்த்துவிட்டு எழுந்தே போய்விட்டான், நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைக் கட்டினேன். சைக்கிள். ரேடியோ. ஜன்னலடியில் என் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது, அதன் மேல் வைத்த பலாக்கொட்டையை எடுத்துக்கொண்டேன். அடுக்களை வாசலில் மிஷின் இருந்தது. அம்மாவும் இருந்தாள், பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை, உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் மேலிருந்த குடையை எடுத்தேன். அரிசி டின், அம்மி, புறவாசல். தொட்டிக்குள் கிடந்த கடைசிப் பொருளையும் எடுத்து, கடைசித் திருப்பும் திருப்பி, கையை எடுத்தேன்.

துணியை விலக்கப் பயமாக இருந்தது. அரங்கத்தில் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம், அதனால் நமக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும், நமக்கு மட்டும் தெரியாது. ஆனால் பின்னாலேயே வந்து கதவோரம் நின்ற என் தம்பிக்குச் சட்டமாவது ஒன்றாவது. "யக்கா!" என்று ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், மொத்த அரங்கமும் திரும்பியது. நடுவர்கள் நாலு பேர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்து முறைத்தார்கள். நான் துணியை இழுத்தேன். ஆறு பக்கமும் ஆறு நிறம்.

நடுவர்ப் பெண் நேரத்தை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே வந்தேன். முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"பாத்தியாலே?" என்றேன் தம்பியிடம். "துணியத் தூக்கிப் பாத்தேன்னு உங்கத்தானை இனிச் சொல்லச் சொல்லு. மிஷின் எங்கன கெடந்துச்சு? சொல்லு, இன்னொரு தடவை சொல்லு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அடுக்களை வாசல்லதான்க்கா. நான் பொய் சொல்லல. நீ வந்திருக்கப்பல்லாம் அது அங்கனதான் கெடந்துச்சு."

"அப்ப காலையில என்னத்துக்குச் சண்டை போட்டே?"

"நீ இல்லாதப்ப ஜன்னலடியில கெடக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கல்யாணம் முடிஞ்சு நீ ரயிலேறின அன்னைக்குச் சாயங்காலமே அம்மா மிஷினை இழுத்துட்டு வந்து ஜன்னலடியில போட்டுட்டாக்கா. கேட்டா, வெளிச்சம் நல்லாருக்குன்னா. ஆனா அப்பாட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அந்த எடம் வெறுமனே கெடக்குததப் பாத்தா சோறு எறங்கலைன்னா." அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "நீ வாரேன்னு காயிதம் வந்துட்டா, முந்தின நாளே 'ஏலே, ஒரு கை பிடி'ம்பா. ரெண்டு பேருமாத் தூக்கி அடுக்களை வாசல்ல போடுவோம். உன் பாய உதறிச் சுருட்டி வைப்பா. நீ போனதும் மறுபடி தூக்கணும். எம்புட்டுக் கனம் அது! எனக்கு எரிச்சலா வரும்."

"ஏன்லே எங்கிட்ட ஒருநாளும் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டா. சொன்னா உனக்கு அங்கன இருப்புக் கொள்ளாதாம். 'அவ வந்து பாக்குதப்ப அவ எடம் அப்படியே இருக்கணும்லே'ன்னா."

அம்மா என்னைக் கொஞ்சியதில்லை. ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு, பாத்துப் போ என்று மட்டும் சொல்வாள், அழமாட்டாள். ஒவ்வொரு லீவுக்கும் போய் இறங்கும்போது வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். நான் போனது இவளுக்கு ஒரு பொருட்டே இல்லை போல, ஒரு சாமான்கூட நகரவில்லையே என்று நான் நாக்பூர் போய்ச் சேருகிற வரைக்கும் மனசுக்குள் குறைபட்டுக்கொண்டே போவேன். ஒரு தடவை இல்லை, அவள் இருந்த வரைக்கும்.

கல்லூரி வராந்தாவில், க்யூப்பும் கையுமாகப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், நான் வாய்விட்டு அழுதேன்.

"யக்கா, எல்லாரும் பாக்குதாங்க" என்றான் தம்பி.

"பாக்கட்டும்லே" என்றேன்.