கல்லறைத் திருநாளில் ஒரு பதில்

“…எலும்பு இருந்தாத்தான உபதேசியாரே, உயிர் வரும்? எம் மவனுக்கு அதுவுங் கெடைக்கலயே!”

இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் சாயங்காலம். எங்கள் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் சாமியாருக்குத் துணையாக ஜெபம் நடத்தும் உபதேசியார், விவிலியத்தின் எசேக்கியேல் புத்தகத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். உலர்ந்த எலும்புகள் உயிர் பெறுமா என்று ஆண்டவர் இறைவாக்கினரிடம் கேட்கிற இடத்தில்தான், கூட்டத்தில் நின்ற எங்கள் ஊர் அம்மாள் ஒருவர் இப்படிச் சொன்னார்.

நெட்டையான உடம்பு, தோடில்லாத காது. கோயிலில் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதில் சொல்லிவிடுவார். பிரசங்கத்தில் சாமியார் கேட்டாலும் அப்படித்தான். “கேட்டாரு, சொன்னேன். வாயப் பொத்திக்கிட்டு நிக்க நான் என்ன பீடத்துல வச்ச சுரூபமா?” என்று ஒருமுறை என்னிடம் சிரித்தார். அப்போது மகன் இருந்தான். பிறகு கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை.

இன்று யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“எனக்காக நிறுத்தாதேயும். இங்கன படுத்திருக்கவுகளுக்கு எலும்பு இருக்குல்லா? அவுகளுக்கு வாசியும்.”

“இருட்டிட்டும்மா. எழுத்து தெரியல” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த அம்மாள், எந்தக் கல்லறையிலும் வைக்க வழியில்லாத தன் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, கடல்காற்றுக்குக் கையால் மறைத்து, புத்தகத்துக்கு வெளிச்சம் பிடித்தார்.