குமுதாவின் பழுப்பு லென்ஸ்

பிரிக்பீல்ட்ஸில் மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், குமுதாவைத் தெரியாது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இருபத்தேழு வருடமாக ஒரே கடை, ஒரே நாற்காலி. ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் உட்கார வைப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். வாயும் லேசுப்பட்டதில்லை. "கண்ணாடி நேராத்தான் இருக்கு அங்கிள், உங்க மூக்குதான் ஒரு பக்கமா போகுது" என்பாள். அந்த மனுஷரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

அவளுடைய கண்ணை எல்லோரும் மெச்சுவார்கள். நல்ல கரும்பழுப்பு, பளபளவென்று இருக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிறம் அவளுடையதே இல்லை. தினமும் காலையில் அறைக் கதவைத் தாழிட்டு மாட்டிக்கொள்கிற பழுப்பு லென்ஸ். அதற்கு அடியில் இருந்தது பச்சையும் தேனும் கலந்த ஒரு வெளிர் நிறம்.

அது அவள் அப்பா நாகையாவின் கண். கேரி தீவில் தோட்டத்து லோரி ஓட்டியவர். குமுதாவுக்குப் பதினேழு வயதில், தம்பி விமலன் கைக்குழந்தையாக இருந்தபோது விபத்தில் இறந்துபோனார். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியபோது, கண் வெளிறித் தெரிகிறது என்று அம்மாதான் ஸ்டூடியோக்காரரிடம் சொல்லிக் கறுப்பு வைக்கச் சொன்னாள். சுவரில் இருப்பது கறுப்புக் கண் நாகையா.

அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்பது நான்கு வருடம் கழித்துக் குமுதாவுக்குப் புரிந்தது. கிளாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பலகாரத் தட்டைத் தொடவே இல்லை. "பூனைக்கண்ணா இருக்கே. எங்க குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்று இவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு எழுந்துபோனாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அடுத்த மாதமே குமுதா அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரும் மாறியது, கண்ணும் மாறியது. விமலனுக்கு அப்போது நான்கு வயது. அக்கா போடுவது பவர் லென்ஸ் என்றுதான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். அம்மாவும் போன பிறகு, உண்மை தெரிந்தவர் கடையில் கண் பரிசோதிக்கும் திருச்செல்வம் ஒருவர்தான். லென்ஸுக்கு ஆர்டர் கொடுப்பவர் அவர்.

விமலனை வளர்த்து, படிக்க வைத்து, லோகேஸ்வரியைக் கட்டிவைத்தாள். தனக்கென்று ஒன்றும் தேடிக்கொள்ளவில்லை. வீட்டில் லோகேஸ்வரியும் இவளும் ஒட்டிக்கொண்டார்கள். சமையல்கட்டில் இரண்டு பேரும் சேர்ந்து விமலனைக் கிண்டல் செய்து சிரிப்பது மாடிப்படிவரை கேட்கும்.

பிறகு தியாஷினி பிறந்தாள். கண் திறந்தபோது சாம்பல் நிறம்.

பதினாறாம் நாள் பெயர் வைத்தார்கள். அத்தை முறைக்குக் குமுதாதான் மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். கீழ்வீட்டு இராஜம்மா குனிந்து பார்த்துவிட்டு, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே கேட்டாள். "என்ன குமுதா, பிள்ளை கண்ணு மாட் சாலே கண்ணு மாதிரி இருக்கு? உங்க பக்கம் யாருக்காச்சும் உண்டா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்லீங்க ஆன்டி."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. இருபத்தேழு வருடப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் லோகேஸ்வரி சுபாங் ஜெயாவில் வேலை செய்கிற கம்பெனியில் மேனேஜர் ஒரு மாட் சாலே, அதாவது வெள்ளைக்காரர். இராஜம்மாவுக்கு அது தெரியும். இராஜம்மாவுக்குத் தெரிந்தால் ஃப்ளாட்டுக்கே தெரிந்த மாதிரிதான்.

மறுநாள் கடையில் திருச்செல்வத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கண்ணுக்கு நிறம் கொடுக்கிறது மெலனின். பிறக்கும்போது சில பிள்ளைங்களுக்கு அது கம்மியா இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஊறும். ஆறு மாசம், ஒரு வருஷம், சிலதுக்கு மூணு வருஷம்கூட ஆகும். கறுத்தாலும் கறுக்கும்."

"கறுக்கலன்னா?"

"உங்க அப்பாகிட்ட இருந்தது விமலன்கிட்ட வெளிய தெரியாம இருந்திருக்கும். லோகேஸ் குடும்பத்துலயும் எங்கயோ ஒளிஞ்சிருக்கலாம். ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்தா இப்படி வரும். ஒரே ஜீன் இல்லக்கா, நிறைய இருக்கு, அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க தம்பி பிள்ளைதான். அதுல சந்தேகமா உங்களுக்கு?"

சந்தேகமா? அவளுக்கா? பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அப்பாவையே தூக்குவது போல் இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. தினமும் காலையில் பிள்ளையை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்ப்பாள். இன்றைக்குக் கொஞ்சம் கறுத்திருக்கிறதா? ஓரத்தில் பழுப்பு விழுகிறதா? விழுந்துவிட்டால் லோகேஸ்வரியும் தப்பித்தாள், தானும் தப்பித்தாள். இப்படி ஒரு கோழைத்தனமான வேண்டுதலோடு எட்டு மாதத்தை ஓட்டினாள் அந்த வாய்க்காரி.

கண்ணும் மாறத்தான் செய்தது. சாம்பல் கலைந்தது. ஐந்தாம் மாதம் பச்சை எட்டிப் பார்த்தது, ஏழாம் மாதம் கண்பாப்பாவைச் சுற்றித் தேன் நிறம் ஒரு வளையமாக ஊறியது. அதற்கு மேல் கறுக்கவில்லை. கண்ணாடியில் லென்ஸ் இல்லாமல் குமுதா பார்க்கிற அதே கண்.

இதற்குள் மாடிப்படியில் லோகேஸ்வரி வந்தால் பேச்சு நின்றது. விமலன் மகளைத் தூக்குவதைக் குறைத்துக்கொண்டான். சமையல்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று.

அந்தச் சனிக்கிழமை காலையில் விமலன் வாயைத் திறந்து கேட்டேவிட்டான். "ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துட்டா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க லா. எனக்காக இல்ல லோகேஸ்."

லோகேஸ்வரி அழவில்லை. பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். கிளாங்கில் அவள் அம்மா வீடு. போனில் கிராப் டாக்ஸி கூப்பிட்டாள். "டெஸ்ட் எடுத்துக்க. ரிசல்ட் வந்ததும் நீயே வச்சுக்க. நான் திரும்பி வரமாட்டேன்" என்றாள்.

குமுதா அறைக்குள் போனாள். இந்த முறை கதவைத் தாழிடவில்லை. கழற்றிய வலது லென்ஸ் வாஷ்பேசினில் விழுந்து ஓடியது. இடதையும் எடுத்துப் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து வெளிச்சத்தில் நின்றாள்.

"விமலா, இங்க பாரு. இது அப்பா கண்ணு. எனக்கும் இதுதான். படத்துல இருக்கிறது ஸ்டூடியோக்காரன் வச்ச மை."

விமலன் பார்த்தான். மகளைப் பார்த்தான், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். பெண் பார்க்க வந்தவர்கள் கதையிலிருந்து இராஜம்மாவிடம் சொன்ன பொய் வரைக்கும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

லோகேஸ்வரிதான் பேசினாள். "எட்டு மாசம் அண்ணி. என்னை என்னென்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் பாத்ரூம்ல அழுதது உங்க ரூமுக்குக் கேட்கும். கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." வேறென்ன சொல்லுவாள்? "கறுத்துடும் கறுத்துடும்னு இருந்தேன். எனக்குப் பயம் லோகேஸ். நீ மன்னிக்க வேணாம்."

கிராப் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. லோகேஸ்வரி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கணவனிடம் திரும்பி, "பிள்ளை கண்ணுக்காகப் போகலை. நீ கேட்டதுக்காகப் போறேன். வந்து கூப்பிடு, அப்போ யோசிக்கிறேன்" என்றாள். பிறகு தியாஷினியைத் தூக்கிக் குமுதாவின் கையில் கொடுத்தாள்.

"என்கிட்ட காட்டினா பத்தாது அண்ணி. யார்கிட்ட இல்லன்னு சொன்னீங்களோ, அவங்ககிட்ட போய்க் காட்டுங்க. வண்டி வர்றதுக்குள்ள."

இருபத்தேழு வருடத்தில் அந்தக் கண்ணோடு அவள் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். எதிரே வந்த ஒரு பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள். குமுதா தலையைக் குனியவில்லை.

மணியை அடித்ததும் இராஜம்மா கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தாள். முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்க பக்கம் யாருக்காச்சும் உண்டான்னு கேட்டீங்களே ஆன்டி," என்றாள் குமுதா. "எனக்கு உண்டு. நல்லா பார்த்துக்கிட்டு, நீங்க சொன்ன அத்தனை பேர்கிட்டயும் இதையும் சொல்லுங்க."